சைபர் ஃபாரன்சிக் படிப்பு: எந்தப் பட்டம், எந்த வேலைக்கு?

2011 கேரளச் சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியில் தோற்ற பி.வி. அன்வர், வென்ற பி.கே. பஷீர் மீது தேர்தல் வழக்குப் போட்டார். பிரசாரத்தில் தன்னை அவதூறு செய்யும் பாட்டையும் பேச்சையும் ஒலிபரப்பினார்கள் என்பது புகார். பதிவு செய்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அதிலிருந்து சி.டி. போட்டு, அந்த சி.டி.க்களை ஆதாரமாகக் கொடுத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2014 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரதிகளுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் அந்த சி.டி.க்களோடு இல்லை, ஆகவே அவற்றை ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். பிரசாரத்தில் ஒலிபரப்பப் பயன்பட்ட மூல சி.டி.க்களையே கொண்டுவந்து கொடுத்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னது. சி.டி.யில் பாட்டு இருந்ததா, பேச்சு இருந்ததா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் யாருக்கும் தேவைப்படவில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எனக்குச் சொந்தக்காரர்கள் வட்டத்திலிருந்து நாலைந்து போனாவது வரும். "தம்பி, சைபர் ஃபாரன்சிக்னு ஒரு கோர்ஸ் இருக்காமே, பையன் அதுல ஒத்தக்கால்ல நிக்கிறான், சேர்க்கலாமா?" என்று கேட்பார்கள். நான் முதலில் இந்த சி.டி. கதையைத்தான் சொல்வேன். சைபர் ஃபாரன்சிக் என்பது கம்ப்யூட்டர், போன் போன்றவற்றிலிருந்து தடயம் எடுத்து, அது கோர்ட்டில் நிற்கும்படி ஆய்வது. பையன் எதிர்பார்ப்பது ஹேக்கரைப் பிடிக்கிற வேலை. வேலையில் பாதி, ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த நேரத்தில் போனது, நடுவில் அது மாறவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று எழுதி வைப்பதுதான். அது பிடித்தால் படிக்கலாம்.

மீதிப் பாதி கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிறது. அதையும் ஒரு சின்ன உதாரணத்தோடு பார்த்துவிட்டால், எந்தப் பட்டம் என்ற கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிடும்.

வீட்டில் கிடக்கும் பழைய பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை டிரைவில் அடுக்கி வைக்கும் ஒரு முறையில், ஃபார்மேட் செய்தது. அதில் ஒரு போட்டோவை அழிக்கிறோம். ஸ்கிரீனில் அது காணாமல் போகிறது. உள்ளே நடப்பது மிகச் சின்ன விஷயம்: கோப்புகளின் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் இ5 என்ற பதினாறடிமான எண் எழுதப்படுகிறது. அந்தக் கோப்பு பிடித்திருந்த இடங்கள் 'காலி' என்று இன்னொரு அட்டவணையில் குறிக்கப்படுகின்றன. போட்டோ இருந்த இடத்தில் போட்டோ அப்படியேதான் இருக்கிறது. வாடகை வீட்டில் 'டு லெட்' போர்டு மாட்டியாயிற்று, ஆனால் பழைய ஆள் சாமான் எதையும் எடுக்கவில்லை. புதிதாக ஒருவர் குடிவந்து அந்த இடத்தில் எழுதும் வரை பழையதை எடுத்துவிடலாம். பெயர்ப் பட்டியலே போய்விட்டால்கூட, ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும் என்பதை வைத்து, டிரைவ் முழுக்கத் தேடி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெட்டி எடுக்கலாம். படம் துண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் வெட்டி எடுத்தது பாதி முகத்தோடு வரும்.

இதைச் செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அழிந்த படங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு வார ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்த கேஸில் வருவது பென் டிரைவ் இல்லை, எஸ்.எஸ்.டி. போட்ட லேப்டாப். அப்படிக் கற்றுக்கொண்டவர் அதே பொத்தானை அழுத்துகிறார், ஒன்றும் வரவில்லை. எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்ற ஏற்பாடு இருக்கிறது; அழித்த இடத்தை டிரைவே பின்னணியில் துடைத்துச் சுத்தம் செய்துகொள்கிறது. பொத்தான் மட்டும் தெரிந்தவர் "தரவு எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதுவார். கோப்பு முறைமை தெரிந்தவர், ஏன் இல்லை, எப்போதிலிருந்து இல்லாமல் போயிருக்கலாம், அதே விஷயம் வேறு எங்கே சிதறிக் கிடக்கும் என்று தேடப் போவார். செல்போன் இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வரும் போன்களில் சேமிப்பகம் முழுக்க என்கிரிப்ட் செய்யப்பட்டே வருகிறது. ஒருமுறை லாக் திறக்கப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும் போனுக்கும், அணைத்து மறுபடி ஆன் செய்து இன்னும் லாக் திறக்காத போனுக்கும், உள்ளே போகிற வழியில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பறிமுதல் செய்கிறவர் நல்லெண்ணத்தோடு போனை அணைத்துவிட்டாலே பல கதவுகள் மூடிக்கொள்ளும்.

இன்னொரு உதாரணம், எனக்குப் பிடித்தது. 12ஆம் தேதி அதிகாலை 1.10க்கு ஒருவர் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கோப்பைப் பிரதி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது யூடிசியில், எழுதி வைக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே பதிவாவது 11ஆம் தேதி இரவு 7.40. பிரதி போய்ச் சேர்ந்த பென் டிரைவ் ஃபேட்32 என்றால், அது உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதும்: 12ஆம் தேதி 1.10. ஒரே செயலுக்கு இரண்டு தேதி. அலுவலக வருகைப் பதிவேட்டின்படி அந்த ஆள் 11ஆம் தேதி இரவு 7.40க்கு ஊரிலேயே இல்லை என்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மென்பொருள் தப்பு செய்யவில்லை. காட்டுகிற நேரம் எந்த மண்டலத்தினுடையது என்று பார்க்காமல் அறிக்கையில் ஒட்டியவர்தான் தப்பு செய்தவர்.

ஆக, இந்தத் துறைக்கு அடித்தளம் ஆபரேட்டிங் சிஸ்டம், கோப்பு முறைமை, நெட்வொர்க், டேட்டாபேஸ். வாட்ஸ்அப் செய்திகள்கூடப் போனுக்குள் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. இவை எல்லாம் சாதாரண கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டத்தின் இரண்டாம் வருடப் பாடங்கள். பெயரில் 'ஃபாரன்சிக்' இருக்கும் சில பட்டங்களில் இவை ஒவ்வொன்றும் ஒரு யூனிட்டாகச் சுருங்கிப் போயிருக்கும் என்பதுதான் சிக்கல்.

சரி, சந்தையில் என்னென்ன இருக்கிறது?

பி.எஸ்சி. ஃபாரன்சிக் சயன்ஸ் என்று ஒரு வகை. இது பொதுத் தடய அறிவியல்: ரத்தம், விஷம், கைரேகை, துப்பாக்கிக் குண்டு, கையெழுத்து. டிஜிட்டல் பக்கம் ஒன்றிரண்டு தாள்தான் வரும். கம்ப்யூட்டர் ஆசையோடு இதில் சேர்ந்துவிட்டு மூன்று வருடம் வேதியியல் லேபில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் படிப்பில் குறை ஒன்றும் இல்லை, அவர்கள் தேடியது வேறு. தடய அறிவியல் நமக்குப் புதிதும் இல்லை. வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் என்ற பெயரில் நாட்டிலேயே முதன்முதலில் 1849இல் அது தொடங்கியது சென்னையில்தான்.

அடுத்தது பி.எஸ்சி. சைபர் ஃபாரன்சிக் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு வருபவை. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் கேரளத்தில் சில கல்லூரிகளில் இருக்கிறது. இங்கேயும் தனியார் பல்கலைக்கழகங்களில் வந்துவிட்டது. மூன்றாவது, இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் வரும் பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸில் சைபர் செக்யூரிட்டி என்ற சிறப்புப் பிரிவு. நான்காவது, மேற்படிப்பாக வருவது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சைபர் ஃபாரன்சிக் அண்ட் இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டி இருக்கிறது. காந்திநகரில் 2009இல் குஜராத் அரசுப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக மாறிய நிறுவனத்தில், டிஜிட்டல் ஃபாரன்சிக் அண்ட் இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டியில் எம்.எஸ்சி. இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. டெல்லி, கோவா, திரிபுரா என்று அதன் வளாகங்கள் பரவியிருக்கின்றன.

என்னைக் கேட்டால், முதலில் கம்ப்யூட்டர் சயன்ஸ், அதன் மேல் தடயவியல். பி.இ. கிடைத்தால் பி.இ. கையில் காசு இல்லையென்றால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் அல்லது பி.சி.ஏ., அப்புறம் இரண்டு வருட எம்.எஸ்சி. பதினேழு வயதில் ஒரு துறையின் ஓரத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் நேராகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம் என்பது ஒரு காரணம். இரண்டாம் வருடத்தில் மனசு மாறினால் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் வேறு பத்து இடத்துக்குப் போகும். இன்னொரு காரணம் அரசு வேலை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரில் 'ஃபாரன்சிக்' இருப்பதைவிட உள்ளே இருக்கும் பாடம்தான் முக்கியம் என்ற தொனியில் மேலே சொன்னதற்கு நேர் எதிராக அங்கே பெயர்தான் எல்லாம்.

தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. ஒரு பதவிக்கு 'இன்ன பாடத்தில் பட்டம்' என்று அறிவிக்கை விட்டால், சான்றிதழில் அந்தப் பாடத்தின் பெயர் அப்படியே இருக்க வேண்டும். வேறு பெயரில் இருந்தால், அது அறிவிக்கையில் உள்ள பட்டத்துக்குச் சமமானது என்று அரசாணை காட்ட வேண்டும். அந்த அரசாணையும் அறிவிக்கை வந்த தேதிக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும். உயர்கல்வித் துறை இப்படிச் சம மதிப்பு அரசாணைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. 'சமமானது' என்றும் வரும், 'சமமானது அல்ல' என்றும் வரும். பாடத்திட்டத்தில் எண்பது சதவீதம் ஒன்றாக இருந்தாலும் பெயர் வேறு என்பதால் தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே வந்தவர்களின் கதை எந்தக் கோச்சிங் சென்டர் வாசலிலும் கேட்கக் கிடைக்கும். கல்லூரியில் சேரும்போது 'கவர்ன்மென்ட் ஜாப் எலிஜிபிள்' என்று சொல்லும் அட்மிஷன் அலுவலரிடம், "சார், சம மதிப்பு அரசாணை எண் என்ன?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

அரசு ஆய்வக வேலை வேண்டும் என்று தீர்மானமாக இருப்பவர்கள், பழைய அறிவிக்கைகளை இறக்கிப் படிப்பது நல்லது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள், எத்தனை இடம், கடைசியாக எப்போது ஆள் எடுத்தார்கள்? இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே பல பேருக்கு ஆசை அடங்கும். போலீஸில் சேர்ந்து சைபர் கிரைம் பிரிவுக்குப் போகும் கனவு வேறு கதை. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் பட்டம் எதுவாக இருந்தாலும் போதும். ஓட்டமும் உயரமும் அளப்பார்கள், ஹேஷ் (ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) என்றால் என்னவென்று கேட்க மாட்டார்கள்.

இந்தத் துறைக்கு ஆள் தேவை கூடுகிறது என்பது உண்மை, அதற்குச் சட்டமே காரணம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம். அதே 2024 ஜூனில், தடயவியல் கட்டமைப்பை விரிவாக்க 2,254 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கல்லூரி விளம்பரங்களில் இந்த இரண்டு செய்தியும் தவறாமல் இருக்கும். சம்பவ இடத்துக்குப் போகும் நிபுணரில் பெரும்பாலோர் ரத்தக்கறையும் கைரேகையும் எடுக்கப் போகிறவர்கள் என்பது மட்டும் விளம்பரத்தில் இருக்காது.

நம் டிஜிட்டல் பக்கத்துக்கு நேரடியாகப் பொருந்துவது இன்னொரு சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இருந்த இடத்தில் இப்போது பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமின் 63ஆவது பிரிவு இருக்கிறது. அதன் பின்னிணைப்பில் சான்றிதழ்ப் படிவமே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பகுதி 'ஏ'வை ஆதாரத்தைக் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், பகுதி 'பி'யை ஒரு நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு எழுத இடம் இருக்கிறது: ஷா-1, ஷா-256, எம்டி5, மற்றவை என்று ஒவ்வொரு ஹேஷ் முறைக்கும் கட்டங்கள். அந்த நிபுணர் யார், என்ன படித்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பிரிவிலேயே விளக்கம் கிடையாது. இன்று ஊர் ஊராக வக்கீல்கள் "பகுதி பி-க்கு யார் கையெழுத்துப் போடுவார்?" என்று தேடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஒரு பிழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டிவரும்.

அந்தக் கூண்டில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கீழ் நீதிமன்றம். குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது.

"இந்த ஹார்ட் டிஸ்க்கை நீங்க உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தீங்களா?"

"நேரடியா போடலை ஐயா. எழுதவிடாம தடுக்கிற ஒரு கருவி வழியா இணைச்சு, முழுப் பிரதி ஒண்ணு எடுத்தோம். பிரதியைத்தான் ஆய்வு செஞ்சோம்."

"பிரதியும் மூலமும் ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டுக்கும் ஹேஷ் மதிப்பு எடுத்தோம் ஐயா, ஒரே மாதிரி இருந்துச்சு."

"அந்த எம்டி5 முறையில ரெண்டு வேற வேற கோப்புக்கு ஒரே மதிப்பு வரவைக்க முடியும்ங்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இங்கேதான் ஒரு வார ஒர்க்‌ஷாப்பும் மூன்று வருடப் படிப்பும் பிரியும் இடம். தெரியாது என்றால் நிபுணர் இல்லை. தெரியும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ஆதாரமே ஆட்டம் காணும். எம்டி5இல் அப்படி இரண்டு கோப்பு உண்டாக்க முடியும் என்று 2004இலேயே காட்டிவிட்டார்கள், ஷா-1இல் 2017இல் காட்டினார்கள். ஆனால் அது இரண்டு கோப்பையும் ஒருவரே திட்டமிட்டுத் தயாரிப்பது. ஏற்கெனவே பறிமுதலாகி, மதிப்பு எழுதி வைக்கப்பட்ட ஒரு ஹார்ட் டிஸ்குக்கு அதே மதிப்போடு வேறொன்றை உண்டாக்குவது முற்றிலும் வேறு கணக்கு. அதை யாரும் செய்து காட்டியதில்லை. அதோடு ஷா-256உம் சேர்த்து எடுத்திருந்தால் பேச்சே இல்லை. இதை நீதிபதிக்குப் புரிகிற தமிழில், இரண்டே நிமிடத்தில், பதற்றம் இல்லாமல் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் ஹேஷ் பற்றி ஆங்கிலத்தில் பதினாறு மதிப்பெண் கேள்விக்கு எழுத வைக்கிறார்கள். திருவண்ணாமலை கோர்ட்டில் தமிழில் சொல்லிப் பார்க்க வைக்கும் வகுப்பு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. மாதிரி நீதிமன்றம் நடத்துகிற துறை எங்காவது கண்ணில் பட்டால், மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அங்கே சேரலாம் என்பேன்.

இது நம் ஊரில் நேற்றுத் தொடங்கிய விவகாரமும் இல்லை. 2004இல் ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிய வழக்கில், சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவில் நாட்டின் முதல் தண்டனைகளில் அது ஒன்று. அந்த இணையப் பக்கத்தைச் சான்றளித்துக் கொடுத்த நிபுணரும், செய்தி போன பிரவுசிங் சென்டரை நடத்தியவர்களும் சாட்சி சொன்னார்கள். பிரவுசிங் சென்டர் முதலாளியின் சாட்சியமும் டிஜிட்டல் தடயத்துக்குத் துணை நிற்கும் என்பதை, பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே அந்த வழக்கு காட்டிவிட்டது.

தனியார் பக்கம் வருவோம், ஏனென்றால் படித்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் போகிற இடம் அதுதான். பெரிய தணிக்கை நிறுவனங்களின் ஃபாரன்சிக் பிரிவு, வங்கிகள், ஐ.டி. கம்பெனிகளின் பாதுகாப்புக் குழு. தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கம்ப்யூட்டர் தானாக எழுதும் பதிவுகளான லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான 'செர்ட்-இன்' உத்தரவு போட்ட பிறகு, 'என்ன நடந்தது' என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஆளுக்குக் கம்பெனிகளில் இடம் கூடியிருக்கிறது. ஆனால் முதல் வேலை பெரும்பாலும் 'சாக்' என்று அழைக்கும் கண்காணிப்பு மையத்தில், நைட் ஷிப்டில், ஸ்கிரீனில் ஓடும் எச்சரிக்கைகளில் நிஜம் எது, வெறும் சத்தம் எது என்று பிரிப்பது. தடயவியல் படித்துவிட்டு இதற்கா வந்தோம் என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது மோசமான பயிற்சியாகத் தெரியவில்லை. இயல்பான நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று ஆறு மாதம் வெறித்துப் பார்த்தவருக்குத்தான் இயல்பில்லாதது கண்ணில் படும்.

சொல்ல மறந்துவிடுகிற ஒன்று. அரசு ஆய்வகமோ போலீஸோ, பறிமுதலாகி வரும் போன்களில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களைப் பார்க்க வேண்டிவரும். பார்த்து, எண்ணி, வகைப்படுத்தி எழுத வேண்டும். அட்மிஷன் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்று சில பெற்றோர் தயங்குவார்கள். சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

இங்கிலாந்து இந்தக் கட்டத்தை நமக்கு இருபது வருடம் முன்பே தாண்டியது. டி.வி. துப்பறியும் தொடர்களின் மோகத்தில் பல்கலைக்கழகங்கள் தடயவியல் பட்டங்களை வரிசையாகத் திறந்தன. 2005இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழு, இந்தப் பட்டங்களின் தரத்தையும் படித்தவர்களுக்கு உள்ள வேலைவாய்ப்பையும் பற்றிக் கவலை தெரிவித்து அறிக்கை கொடுத்தது. 2012இல் அரசின் தடயவியல் சேவை நிறுவனமே மூடப்பட்டது. அப்படி ஒரு நிலையில் வேதியியலோ கம்ப்யூட்டரோ அடிப்படையாகப் படித்திருந்தவர்களுக்குத்தான் வேறு வழி இருந்திருக்கும்.

கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, நல்லது. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பார்த்த பிறகு லேபையும் பாருங்கள். "ரைட் பிளாக்கர் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். எழுதவிடாமல் தடுக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் இந்தத் தொழிலின் ஸ்டெதாஸ்கோப். அறுபது மாணவர்களுக்கு ஒன்று, அதுவும் அலமாரியில் கவரோடு இருந்தால் புரிந்துகொள்ளலாம். செல்போன் ஆய்வு மென்பொருள்களின் லைசன்ஸ் லட்சக்கணக்கில் ஆகும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே அது இல்லையென்றால் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆட்டோப்ஸி, எஃப்டிகே இமேஜர், வொலட்டிலிட்டி என்று காசில்லாமல் கிடைப்பதை வைத்தே நன்றாகக் கற்றுக்கொடுக்கலாம். ஆசிரியர்களில் யாராவது நிஜ வழக்கில் அறிக்கை எழுதியிருக்கிறாரா? சாட்சியச் சட்டத்தைச் சட்டம் படித்தவர் எடுக்கிறாரா, அல்லது யாருக்கு பீரியட் காலியோ அவர் எடுக்கிறாரா? மாணவர்கள் சி.டி.எஃப். என்ற ஹேக்கிங் புதிர்ப் போட்டிகளுக்குப் போகிறார்களா? அமிர்தா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் பயோஸ் போன்ற குழுக்கள் வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகளை வளர்த்திருக்கின்றன. அந்தப் பழக்கம் இருக்கும் கல்லூரி, பட்டத்தின் பெயர் எதுவானாலும் தேறும்.

இதற்கெல்லாம் முன்னால், மே மாத விடுமுறையில் காசு செலவில்லாமல் ஒரு சோதனை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், பயிற்சிக்காகச் செய்து வைத்த வழக்கு ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறது. 'ஹேக்கிங் கேஸ்' என்று பெயர். கதைப்படி 2004 செப்டம்பரில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டெல் லேப்டாப், கூடவே ஒரு ஒயர்லெஸ் கார்டும் கையால் செய்த ஆன்டெனாவும் கிடைக்கின்றன. 'மிஸ்டர் ஈவில்' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒருவர் மீது சந்தேகம். அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் பிரதியும், விடை தேட வேண்டிய முப்பத்தொரு கேள்விகளும் கிடைக்கும். வீட்டு லேப்டாப்பில் ஆட்டோப்ஸியைப் போட்டு உட்கார வேண்டியதுதான்.

பிள்ளை மிஸ்டர் ஈவில் திருடியதைத் தேடி நேராகக் கடைசிக் கேள்விகளுக்குத்தான் ஓடுவான். விடுங்கள். ஆனால் முதல் கேள்வி ஹேஷ் மதிப்பைத்தான் கேட்கிறது: பிரதி எடுத்தபோது வந்ததும் சரிபார்த்தபோது வந்ததும் ஒன்றா? அதற்கு அடுத்த சில கேள்விகளிலேயே இன்னொன்று வரும், இந்தக் கம்ப்யூட்டரின் நேர மண்டலம் என்ன என்று. அந்த இரண்டு கேள்வியிலும் நின்று, ஏன் இதை முதலில் கேட்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட வர மறந்தான் என்றால், எனக்கு போன் போடுங்கள். எந்தக் கல்லூரி என்று அப்புறம் பேசலாம்.